யந்திரமும் உபாத்தியாயரும்

நமது தேசத்துப் பாடசாலைகளில் செயற்கை நுண்ணறிவைப் புகுத்தும் காரியம் துரிதமாக நடந்து வருகிறது. 2019-ல் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் ஒன்பதாம் வகுப்பில் அதை விருப்பப் பாடமாக்கிற்று. 2026-27 முதல் மூன்றாம் வகுப்பிலிருந்தே அது கற்பிக்கப்படுமென்று மத்தியக் கல்வி அமைச்சகம் 2025 அக்டோபரில் அறிவித்தது. நம் சிறுவர் இவ்வித்தையை அறிவதில் நமக்குச் சிறிதும் ஆக்ஷேபமில்லை. யாருடைய மேற்பார்வையில், எவ்விதமாக அறிவது என்பதே கேள்வி.

இந்த யந்திரம் பண்டிதனன்று. எண்ணிறந்த எழுத்துக்களைப் பயின்று, எந்தச் சொல்லின் பின் எந்தச் சொல் வரக்கூடுமென்று கணித்து வாக்கியம் அமைக்கிறது. மெய்யையும் பொய்யையும் ஒரே தோரணையில் கூறுகிறது. அதற்கு ஊட்டப்பட்டவற்றில் இங்கிலீஷே மிகுதி, தமிழ் சொற்பம். ஆகவே நம் பாஷையிலும் நம் ஊர் விஷயங்களிலும் அது தவறுவதற்கு இடம் அதிகம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்துடன் எண்ணெய்க் கழிவு கலந்து எண்ணூர்க் கழிமுகத்தில் பரவிற்று. மீனவர்களின் படகுகளும் வலைகளும் எண்ணெய் படிந்து கறுத்தன. அதைப்பற்றி ஒரு மாணவன் யந்திரத்தைக் கேட்டு, வந்த விடையை அப்படியே நோட்டில் எழுதினால் அது கல்வியாகாது. "இது சரிதானா? கழிமுகக் கரைக்குப் போய்ப் பார், வலை வீசும் உன் பாட்டனைக் கேள், அன்றைய பத்திரிகையைப் படி, பிறகு ஒப்பிட்டு எழுது" என்று பணிக்க ஓர் உபாத்தியாயர் இருந்தால், அதே யந்திரம் நல்ல கருவியாகும்.

சென்னைத் துறைமுகத்துக்கு வரும் கப்பலில் எத்தனை நவீன சாதனங்கள் இருந்தபோதிலும், இவ்விடத்து நீரின் ஆழமும் போக்கும் அறிந்த பைலட் ஏறிய பின்னரே அது உள்ளே வருகிறது. ராயபுரத்தார் இதை நன்கறிவர். கப்பலுக்கு வேண்டிய வழிகாட்டி குழந்தைக்கு வேண்டாமா?

நாம் அஞ்சுவது யந்திரத்தையன்று. சிக்கனத்தின் பேரால் நேரக்கூடிய அநீதியையே. தனவந்தர் வீட்டுப் பிள்ளைக்கு யந்திரமும் இருக்கும், உபாத்தியாயரும் இருப்பார், வீட்டில் திருத்துவோரும் இருப்பர். திருவொற்றியூர் ஆலைத் தொழிலாளியின் மகளுக்கோ உபாத்தியாயர் ஒருவரே துணை. அவரது இடத்தைக் காலியாக விட்டு ஒரு கணினித் திரையை வைப்பது அவளுக்குச் செய்யும் துரோகமாகும்.

ஆதலால் சர்க்காருக்கு நாம் கூறுவது இது: யந்திரம் நுழையும் பள்ளியில் உபாத்தியாயர் ஸ்தானம் ஒன்றேனும் குறையலாகாது. முதற்பயிற்சி அவருக்கே அளிக்கப்பட வேண்டும். வகுப்பில் இத்தகைய உரையாடும் யந்திரத்தை உபயோகிக்கக் குறைந்த வயது 13 என்று யுனெஸ்கோ 2023-ல் கூறிய யோசனையை ஏற்க வேண்டும். அதற்கு இளையோர் அதன் தன்மையைக் கற்கட்டும், தனியே அதனுடன் பழக வேண்டியதில்லை. சிறுவரின் படமும் மதிப்பெண்ணும் வியாபாரிகள் கைக்குப் போகலாகாது.

வடசென்னைத் தொழிற்சங்க ஊழியர்களுக்கும் ஒரு வார்த்தை. கூலிக்கு வாதாடுவதைப் போலவே குழந்தைகளின் கல்விக்கும் வாதாடுவது உங்கள் கடமை. பள்ளி மேலாண்மைக் குழுக்களில் பெற்றோருக்கு ஸ்தானம் உண்டு. யந்திரம் வந்து அமர்ந்த பின் முறையிட்டுப் பயனில்லை. இக்கேள்விகளை அங்கே இப்பொழுதே எழுப்புங்கள்.