சுவரில் தொங்கும் பொறிக்கும் கதை உண்டு

லிட்டில் இந்தியாவில் கிராமத்து வீடு போல அலங்கரிக்கப்பட்ட உணவகங்கள் என்றால் இளையர்களுக்குத் தனி விருப்பம். உரல், அரிக்கேன் விளக்கு, மாட்டுவண்டிச் சக்கரம் ஆகியவற்றோடு துருப்பிடித்த எலிப்பொறியும் சில சுவர்களில் இடம்பிடிக்கிறது. மேற்கத்தியப் பண்ணைவீட்டுப் பாணியை விரும்புவோர் இரும்புப் பற்கள் கொண்ட பழைய விலங்குப் பொறிகளையும் வாங்கி மாட்டுகிறார்கள். நாமும் அவற்றின்முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறோம்.

உரலும் பொறியும் ஒன்றா? உரலில் நெல் குத்தினார்கள். பொறியில் ஓர் உயிர் சிக்கியது. அதை வைத்தவருக்கும் ஒரு தேவை இருந்தது. இந்த இரண்டையும் மறைத்துவிட்டு, பொறியை வெறும் அழகுப்பொருளாக மாட்டுவது சரியில்லை என்பது என் கருத்து.

நம் இலக்கியத்திலேயே பொறி உண்டு. நற்றிணையில் வரும் ‘அடார்’ என்பது பெரிய கல்லைக் கொண்டு அமைக்கும் பொறி. தினையைத் தின்ன வரும் காட்டுப்பன்றிக்காக வைத்த அடாரில் புலி சிக்குவதாக ஒரு பாடல் சொல்கிறது. விளைச்சல் போனால் பட்டினி என்ற நிலையில் இருந்தவரின் கருவி அது.

சிங்கப்பூருக்கும் இப்படி ஒரு வரலாறு உண்டு. இயற்கை ஆய்வாளர் ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ் 1854ல் இங்கு வந்து, புக்கிட் தீமா பகுதியில் பூச்சிகளைச் சேகரித்தார். அங்கிருந்த புலிக்குழிகளைப் பற்றி 1869ல் வெளியான தம் நூலில் எழுதியுள்ளார். குழிகள் 15 முதல் 20 அடி ஆழம் இருக்குமாம். குச்சிகளாலும் இலைகளாலும் மூடப்பட்டிருந்ததால் அவரே சிலமுறை விழப் பார்த்தார். முன்பு குழியின் அடியில் கூரான கழியும் நடப்பட்டிருந்தது. வழிப்போக்கர் ஒருவர் அதில் விழுந்து இறந்த பிறகே அதற்குத் தடை வந்தது.

மிளகு, கேம்பியர் தோட்டங்களுக்காகக் காடுகள் அழிக்கப்பட்ட காலம் அது. புலிகளுக்குப் பலியானவர்களில் பெரும்பாலோர் தோட்டங்களில் வேலைசெய்த சீனத் தொழிலாளர்கள். இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகளும் புலிவேட்டைக்கு அனுப்பப்பட்டதை, அவர்களை மேற்பார்வையிட்ட அதிகாரி மக்நாயர் 1899ல் வெளியிட்ட நூலில் பதிவுசெய்துள்ளார். 1930ல் சுவா சூ காங்கில் கடைசிக் காட்டுப்புலி சுடப்பட்டது.

தமிழ்நாட்டின் இருளர் சமூகத்தினர் பலர் வயல் எலிகளைப் பிடித்துப் பிழைத்தவர்கள். மண்சட்டியில் புகை மூட்டி, அதை வாயால் ஊதி எலி வளைக்குள் செலுத்துவார்கள். அந்தப் புகை அவர்களின் நுரையீரலுக்குள்ளும் போகும். நாளை அந்தச் சட்டியும் ஒரு சுவரில் தொங்கினால், பார்ப்பவருக்கு இது தெரியுமா?

“சாப்பிட வந்த இடத்திலும் வரலாற்றுப் பாடமா?” என்று நண்பர்கள் கேட்கலாம். பழைய இரும்புக்கடைக்குப் போவதைவிடப் பொறி சுவரில் இருப்பது மேல் என்பதும் உண்மை. அதனால் அதைக் கழற்றச் சொல்லவில்லை. பக்கத்தில் ஒரு சிறிய அட்டை வைத்தால் போதும். பொறியின் பெயர் என்ன, எந்த ஊர், எதைப் பிடித்தது, யார் பயன்படுத்தினார் என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் நான்கு வரிகள் எழுதலாம். பற்கள் உள்ள பொறியாக இருந்தால், விலங்கின் காலைக் கவ்வி நசுக்கும் அந்த வகை இங்கிலாந்தில் 1958லேயே தடைசெய்யப்பட்டது என்பதையும் சேர்க்கலாம். அனுமதியின்றி வனவிலங்குகளைப் பொறிவைத்துப் பிடிப்பது சிங்கப்பூரில் இன்று குற்றம் என்பதையும் சொல்லலாம். குழந்தைகள் வந்துபோகும் இடம் என்பதால், பொறியின் விசை இயங்காதபடி கட்டிவைப்பதும் அவசியம்.

லிட்டில் இந்தியாவில் பஃபலோ ரோடு, கெர்பாவ் ரோடு என்ற பெயர்களைப் படித்தாலே அங்கு ஒருகாலத்தில் நடந்த மாட்டு வணிகம் நினைவுக்கு வருகிறது. பொறிக்கும் அப்படி ஓர் அறிமுகம் தேவை.

மாணவர்கள் நாமே இதைத் தொடங்கலாம். படம் எடுத்த கையோடு கடைக்காரரிடம், “அண்ணே, இது எதைப் பிடிக்கும் பொறி?” என்று கேட்போம். அவருக்குத் தெரியாவிட்டால் படத்தை வீட்டில் தாத்தா பாட்டியிடம் காட்டுவோம். அவர்கள் சொல்லும் பெயரை அந்த அட்டையின் முதல் வரியில் எழுதலாம்.