வீட்டைக் காக்கும் உரிமை யாருக்கு?

2011ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்து இரவுகளைக் கிண்ணியா மக்கள் மறந்திலர். ‘மர்ம மனிதன்’ என்றும் ‘கிறீஸ் பூதம்’ என்றும் பெயர் சூட்டப்பெற்ற ஓர் அச்சம் நாட்டின் பல மாவட்டங்களிலும் உலவிய காலம் அது. பெண்கள் தனித்திருக்கும் வீடுகளின் பின்புறத்திலும் கிணற்றடியிலும் உருவம் ஒன்று காணப்பட்டது என்ற செய்தி ஊருக்கு ஊர் பரவிற்று. ஆண்கள் பொல்லேந்தி விடியும்வரை ஒழுங்கைகளில் காவல் நின்றனர். கிண்ணியாவிலோ, துரத்தப்பட்ட ஆள் கடற்படை முகாமுக்குள் புகுந்துவிட்டான் என்று கொதித்தெழுந்த மக்கள் முகாமையே சூழ்ந்துகொண்டனர். கல் பறந்தது, படையினருக்கும் பொதுமக்களுக்கும் கைகலப்பு மூண்டது, பலர் கைது செய்யப்பட்டனர். அதே மாதத்தில் புத்தளத்தில் பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவர் உயிரிழந்தார். யாழ்ப்பாணத்து நாவாந்துறையில் மக்கள் படையினரிடம் அடியுண்டனர்.

வந்தவன் யார், அவனை ஏவியவர் யார், அப்படி ஒருவன் வந்ததுதான் உண்டா என்றெல்லாம் வாதிட நாம் இங்கு முற்படவில்லை. எமது கேள்வி வேறு. நள்ளிரவில் தன் வீட்டு வாசலில் அந்நியன் ஒருவனைக் காணும் குடியானவனுக்குச் சட்டம் அளித்துள்ள உரிமை யாது? அந்த உரிமையை நிலைநாட்ட அவன் கையில் என்ன இருக்கின்றது?

இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை 1883ஆம் ஆண்டுக்குரியது. இந்தியாவில் மெக்காலே வகுத்த கோவையை அடியொற்றி எழுந்தது. மெக்காலேயின் மீது எமக்குள்ள மனத்தாங்கல்கள் பல. அவற்றை இன்னொரு கிழமைக்கு ஒத்திவைப்போம். ஆயினும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கொள்ளையருக்கு எதிர்ப்பின்றி அடங்கிப்போகும் மக்களுக்குச் சட்டமே துணிவூட்ட வேண்டும் என்று எண்ணித்தான் அவரும் அவருடைய ஆணைக்குழுவினரும் தற்காப்புரிமையை விரிவாக வகுத்தனர். எமது கோவையின் 89ஆம் பிரிவு முதல் 99ஆம் பிரிவு வரை அவ்வுரிமையே பேசப்படுகின்றது. தன் உடலையும் பிறர் உடலையும் காக்கலாம்; தன் பொருளையும் பிறர் பொருளையும் களவு, கொள்ளை, அத்துமீறல் ஆகியவற்றினின்றும் காக்கலாம். இரவில் வீடுடைத்து உள்ளே புகுவோனையும், மக்கள் குடியிருக்கும் வீட்டுக்குத் தீ வைப்போனையும் எதிர்ப்பதில் அவன் உயிர் போய்விடினும் அது குற்றமாகாது என்கின்றது 96ஆம் பிரிவு.

இவ்வளவு தூரம் கேட்டவுடன் எமது விவசாயி நிமிர்ந்து உட்காருவார். சென்ற பெரும்போகத்தில் சூரங்கல் பக்கத்திலிருந்து எம்மைத் தேடி வந்த முதியவர் ஒருவர் அவ்வாறுதான் நிமிர்ந்தார். வயல் வாடியில் இருந்த நீரிறைக்கும் இயந்திரத்தை இரண்டு முறை கள்வரிடம் பறிகொடுத்தவர் அவர். “அப்படியென்றால் தம்பி, மூன்றாம் முறை வருகிறவனைச் சுட்டால் எனக்கு ஒன்றும் வராதா?” என்று கேட்டார். வரும் என்றோம். கள்வன் ஆயுதத்தோடு பாய்ந்து, உயிருக்கோ பெருங்காயத்துக்கோ நியாயமான அச்சம் விளைந்தால் ஒரு நீதி. இயந்திரத்தைத் தோளில் வைத்துக்கொண்டு வரம்பு வழியே ஓடுகின்றவனை முதுகில் சுட்டால் வேறொரு நீதி. பொருளை மீட்கத் தேவையான அளவு பலத்தைப் பிரயோகிக்கலாம். உயிரைப் பறிக்கும் உரிமை அங்கில்லை. எல்லையை நல்லெண்ணத்தோடு மீறியவனுக்கு 294ஆம் பிரிவின் விலக்கு ஒன்று கைகொடுக்கக்கூடும். அப்போதும் அது கொலை என்ற பெயரினின்று தப்புவிக்குமேயன்றிச் சிறையினின்று தப்புவியாது.

இன்னொன்றும் சொன்னோம். தற்காப்பு என்று சொல்லிவிட்டால் போதாது. அதனை எண்பிக்கும் பொறுப்பு எதிரியாக நிற்பவன் மீதே உண்டு. சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 105ஆம் பிரிவு அவ்வாறு விதிக்கின்றது. 1942ஆம் ஆண்டுச் சந்திரசேகரா வழக்கில் எமது நீதிமன்றம், இங்கிலாந்தின் வழியைப் பின்பற்றாது அதனை உறுதிப்படுத்திற்று. சாட்சியில்லாத வயல் வெளியில், இருட்டில், இருவருள் ஒருவன் இறந்துபோன பின்னர் எஞ்சியவன் அதனை எவ்வாறு எண்பிப்பான்? கட்டுத்துவக்குக் கட்டிவிட்டு வீட்டில் உறங்குவோனுக்கு அந்த வாதமும் இல்லை. கம்பியில் கால் தட்டுவது பன்றியா, விறகு பொறுக்க வந்த சிறுவனா என்று துவக்கு கேட்பதில்லை.

நிற்க, இச்சட்டத்தில் எம்மவர் பலர் கவனியாத ஒரு சொல்லைச் சுட்ட விரும்புகின்றோம். 90ஆம் பிரிவு ‘ஒவ்வோர் ஆளுக்கும்’ இவ்வுரிமை உண்டு என்கின்றது. ‘ஒவ்வொரு பிரசைக்கும்’ என்று சொல்லவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழ் மக்களை நாடற்றோராக்கிற்று. அவர்களின் வாக்கும் பறிபோயிற்று. 1964ஆம் ஆண்டில் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை ஆடுமாடுகளைப் போல் பங்கிட்டது. 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே, மீதி 1,50,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்வோம் என்றனர். எஞ்சியோருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003ஆம் ஆண்டில்தான் வந்தது. அத்தனை ஆண்டுகளும் லயத்து அறையில் வாழ்ந்த நாடற்ற தொழிலாளிக்கு வாக்கில்லை, காணியில்லை, கடவுச்சீட்டில்லை. ஆனால் தன் அறைக்கதவை உடைப்போனை எதிர்த்து நிற்கும் உரிமை மட்டும் ஏட்டில் இருந்தது!

ஏட்டில் இருந்த அவ்வுரிமை 1977ஆம் ஆண்டுக் கலவரத்தில் அவனுக்கு என்ன பயன் தந்தது? கூட்டமாய் வந்தோரின் கையில் தீப்பந்தம். அவன் கையில் தேயிலைக் கூடை. உயிர் தப்பியோர் வவுனியாவுக்கும் திருகோணமலை மாவட்டத்துக்கும் ஓடிவந்தனர். வந்த இடத்திலும் ‘வந்தேறு குடிகள்’ என்ற பெயரே அவர்களை வரவேற்றது. தலைமுறை தலைமுறையாகக் கொட்டியாரக் குடாவில் வலை வீசியும் வயல் உழுதும் வாழ்ந்த கிண்ணியா முஸ்லிம்களைக்கூட வந்தேறிகள் என்று மேடையில் முழங்குவோர் உளர். 1956ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்துத் திருமலை மாநாட்டில், மலையகத் தமிழரின் பிரசாவுரிமையைத் தமிழ்பேசும் மக்கள் அனைவரின் கோரிக்கையாக வைத்த மரபு எம்முடையது. அம்மரபில் வந்தோர் எவரையும் வந்தேறி என்று அழைக்க நாக்கூசும்.

உரிமை ஒவ்வோர் ஆளுக்கும் உண்டு. ஆயுதமோ அனுமதி பெற்றோருக்கே உண்டு. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுபடைக்கலக் கட்டளைச் சட்டம் இன்றளவும் உயிரோடிருக்கின்றது. அதற்கு முந்திய 1915ஆம் ஆண்டிலேதான் முஸ்லிம்களுக்கு எதிரான கலவரமும் இராணுவச் சட்டமும் இத்தீவை உலுக்கின என்பதை வாசகர் அறிவர். அதுவே இதற்குக் காரணம் என்று நாம் சாதிக்க வரவில்லை. ஆனால் ஆயுதம் யார் கையில் இருக்கலாம் என்பதை அதிகாரியின் விருப்பத்துக்கு விடும் சட்டத்தை ஓர் அந்நிய அரசு ஏன் நாடும் என்பது விளங்காத புதிரன்று. பன்றியும் யானையும் அழிக்கும் வேளாண்மையைக் காக்க ஒரு துவக்கு வேண்டுமாயின் விவசாயி கச்சேரிக்கும் பொலிஸ் நிலையத்துக்கும் நடையாய் நடக்க வேண்டும். கிடைத்த லைசென்சும் டிசம்பர் 31இல் காலாவதியாகும். தற்காப்புக்கென்று கேட்போர் பாதுகாப்பு அமைச்சின் வாசலில் நிற்க வேண்டும். 2024ஆம் ஆண்டின் பிற்பகுதியில், தற்காப்புக்கென வழங்கிய துப்பாக்கிகளையெல்லாம் மீளாய்வுக்காகக் கையளிக்குமாறு அவ்வமைச்சே பணித்தது. அத்தகைய துப்பாக்கி எமது வயற்புறங்களில் எத்தனை பேரிடம் இருந்திருக்கும் என்று வாசகர் தமக்குள் எண்ணிப் பார்க்கட்டும்.

அப்படியானால் வீட்டுக்கு ஒரு துவக்குக் கொடு என்று கேட்போமா? கேட்கமாட்டோம். கொடுத்துப் பார்த்த மாவட்டம் இது. 1980களில் அரசாங்கம் ஊர்காவற் படை என்ற பெயரில் சிங்களக் கிராமங்களுக்கும் முஸ்லிம் கிராமங்களுக்கும் துவக்குகளை வழங்கிற்று. முஸ்லிம் மக்களின் அச்சம் பொய்யன்று; 1990ஆம் ஆண்டு ஆகஸ்ட் 3ஆம் நாள் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்டோரைத் தமிழர் பெயரால் ஆயுதம் ஏந்தியோர் கொன்றதை நாம் எந்தச் சொல்லாலும் மூடி மறைக்க இயலாது. ஆனால் ஒரு கிராமத்துக்கு அளித்த துவக்கு அடுத்த கிராமத்துக்கு அச்சமாயிற்று. ஆலங்கேணித் தமிழனும் கிண்ணியா முஸ்லிமும் ஒரே வாய்க்கால் நீரைப் பங்கிட்டு, ஒருவர் வீட்டுக் கல்யாணத்தில் மற்றவர் உண்டு வளர்ந்தவர்கள். துவக்கு நடுவே புகுந்தபின், இருட்டிய பிறகு ஒருவர் ஊருக்குள் மற்றவர் போக அஞ்சினர்.

கடல் கடந்து வாழும் எம்மவர் வேறொரு செய்தி சொல்கின்றனர். அமெரிக்காவில் நிரந்தர வதிவிடம் பெற்ற குடியேறி துப்பாக்கி வாங்கலாம். முறையான அனுமதியின்றி வாழ்வோருக்கும், தற்காலிக விசாவில் வந்தோருள் பெரும்பாலோருக்கும் சட்டம் தடை விதிக்கின்றது. வீட்டில் தற்காப்புக்காகக் கைத்துப்பாக்கி வைத்திருத்தல் அரசியலமைப்புரிமை என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2008ஆம் ஆண்டில் தீர்த்தது. கனடாவோ 2022ஆம் ஆண்டு அக்டோபரில் கைத்துப்பாக்கி விற்பனையையே முடக்கிற்று. எந்த நாட்டைப் பின்பற்றுவது?

எமக்கு இவ்விரண்டினும் இங்கிலாந்தின் கதையே நெஞ்சில் தைக்கின்றது. நோபோக் மாவட்டத்தில் தனியே வாழ்ந்த டொனி மார்ட்டின் என்ற விவசாயி, தம் வீடு பலமுறை களவு போயிற்று, பொலிஸ் கவனிக்கவில்லை என்று முறையிட்டு வந்தவர். 1999ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்து இரவொன்றில் வீட்டுக்குள் புகுந்தோரை அனுமதிப்பத்திரமற்ற துவக்கால் சுட்டார். 16 வயதுப் பையன் ஒருவன் முதுகில் குண்டு பாய்ந்து இறந்தான். 2000ஆம் ஆண்டில் கொலைத் தீர்ப்பு. மறு ஆண்டு மேன்முறையீட்டில் அது குறைக்கப்பட்டது. நாடே இரண்டாகப் பிரிந்து வாதிட்டது. 2013ஆம் ஆண்டில் வீட்டுக்காரருக்குச் சற்றே சலுகை காட்டச் சட்டத்தைத் திருத்தினர். ஆனால் அந்த விவசாயி முதலில் கேட்டது சட்டத் திருத்தத்தையன்று. கூப்பிட்டால் வரும் பொலிசையே கேட்டார்.

இங்கேதான் எமது கோவையின் 92ஆம் பிரிவுக்கு வருகின்றோம். அதிகாரிகளின் காப்பை நாடுவதற்கு அவகாசம் இருக்குமாயின் தற்காப்புரிமை இல்லை என்கின்றது அது. நியாயமான விதிதான். எனினும், நாடினால் காப்பு கிடைக்கும் என்ற நம்பிக்கை மீது கட்டப்பட்ட விதி அது. நள்ளிரவில் தமிழில் கூப்பிடுவோனுக்குத் தமிழில் மறுமொழி சொல்ல ஆளில்லையாயின் அவகாசம் இருந்தது என்பதா, இல்லை என்பதா? தான் சொன்ன முறைப்பாடு தான் வாசிக்க இயலாத மொழியில் எழுதப்பட்டு, அதன் அடியில் கையொப்பம் கேட்கப்படும் குடியானவன் நாடிய காப்பு எத்தகையது? 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கிற்று. அதே திருத்தம் மாகாணத்துக்கெனப் பொலிஸ் பிரிவு ஒன்றையும் எழுதி வைத்தது. அது எழுத்தோடு நின்றுவிட்டது. அதிகாரத்தைக் கேட்க வேண்டிய கிழக்கு மாகாண சபையும் 2017ஆம் ஆண்டில் கலைந்தபின் ஆண்டுக்கணக்காகத் தேர்தலின்றிக் கிடந்தது.

2011ஆம் ஆண்டின் கிண்ணியாவை இக்கண்ணாடியில் பாருங்கள். குற்றம் செய்தான் என நியாயமாகச் சந்தேகிக்கப்பட்டு ஓடுகின்ற ஒருவனைப் பிடித்துத் தாமதமின்றிப் பொலிசில் ஒப்படைக்கச் சாதாரண மனிதனுக்கும் அதிகாரம் உண்டென்று 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை 35ஆம் பிரிவில் கூறுகின்றது. ஆகவே துரத்தியது குற்றமன்று. முகாமின் மீது கல்லெறிந்தது குற்றமே. வழக்கறிஞர்கள் என்ற முறையில் அதனை நாம் நியாயப்படுத்த மாட்டோம். ஆனால் ஒப்படைக்க ஓடியவர்கள் யாரிடம் ஒப்படைப்பது என்று நம்பிக்கையிழந்து நின்ற இடம் அது. அன்று அவர்களிடம் துவக்கு இருந்திருப்பின் எத்தனை மையித்துகள் விழுந்திருக்கும் என்பதை எண்ணும்போது, இல்லாமற் போனதற்கு இறைவனுக்கு நன்றி சொல்லத் தோன்றுகின்றது.

எனவே எமது கோரிக்கைகள் துவக்கைப் பற்றியன அல்ல. துவக்குத் தேவைப்படாத இரவைப் பற்றியன. தமிழில் முறைப்பாட்டைக் கேட்டுத் தமிழில் எழுதும் உத்தியோகத்தர் ஒவ்வொரு நிலையத்திலும் இரவிலும் இருக்க வேண்டும். மாகாணப் பொலிஸ் எழுத்தினின்று எழுந்து நடக்க வேண்டும். பயிர்க்காவல் துவக்குக்கு விண்ணப்பிப்போருக்கு இத்தனை நாளுக்குள் விடை என்று வரையறுத்து, மறுப்பதாயின் காரணத்தை எழுத்தில் தரவேண்டும். தராவிடின் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுரிமைச் சட்டத்தின் கீழ் பிரசைகள் அதனைக் கேட்டுப் பெறலாம். விண்ணப்பம் எழுதத் தெரியாதோருக்கு எழுதிக் கொடுக்க நாம் ஆயத்தம். குறிஞ்சாக்கேணி, காக்காமுனை, ஆலங்கேணி, ஈச்சந்தீவு ஆகிய ஊர்களின் பள்ளிவாசல், கோயில் நிர்வாகத்தினர் ஒன்றாக அமர்ந்து இரவுக் காவலை இரு ஊரும் கலந்து அமைப்பார்களாயின் இதற்கு எந்த அமைச்சின் அனுமதியும் தேவையில்லை. கட்டுத்துவக்கும் இடியனும் ஒளித்து வைத்திருப்போர் அவற்றை இன்றே அகற்றிவிடுவது அவர்களுக்கும் அவர்தம் பிள்ளைகளுக்கும் நல்லது.

சூரங்கல் பக்கத்து முதியவர் எமது பேச்சைக் கேட்டுத் துவக்கு எண்ணத்தைக் கைவிட்டாரில்லை, முறைப்படி விண்ணப்பித்தார். அவ்விண்ணப்பம் ஏதோ ஓர் அலுவலகத்து மேசையில் இன்னும் கிடக்கின்றது. இடையில் இயந்திரத்தை வாடியிலிருந்து கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, கட்டிலின் கீழ் வைத்துக்கொண்டு உறங்குகின்றார்.