பாதி ஏணிக்கு முழு விலை

அமெரிக்காவில் வழக்கறிஞர், பொறியாளர், ஆசிரியர், மென்பொருள் வல்லுநர் எனப் பல துறைகளில் காலூன்றியவர்கள் நாற்பது வயதையொட்டி அந்த வேலையை விட்டுவிட்டுப் பயணிகள் விமானத்தின் விமானியாக முயல்வதுண்டு. அவர்களை இழுக்கும் நம்பிக்கைக்கு மூன்று கூறுகள் உண்டு. 65 வயது வரை பறக்கலாம் என்பதால் நாற்பதில் தொடங்குவது தாமதமாகாது என்பது முதலாவது. விமானிப் பற்றாக்குறை நிலவுவதால் உரிமம் பெற்றவருக்கு வேலை உறுதி என்பது இரண்டாவது. முந்தைய தொழிலில் பெற்ற முதிர்ச்சிக்குப் புதிய தொழிலில் மதிப்புண்டு என்பது மூன்றாவது. மூன்றிலும் ஓரளவு உண்மை இருப்பதால்தான் இந்த நம்பிக்கை இவ்வளவு பேரை ஏமாற்றுகிறது. நாற்பது வயதில் விமானம் ஓட்டக் கற்க முடியும், அதில் ஐயமில்லை. ஆனால் இத்தொழிலின் செலவும் இடரும் தொடக்க ஆண்டுகளில் குவிந்துள்ளன. ஊதியமும் பாதுகாப்பும் இறுதி ஆண்டுகளில் குவிந்துள்ளன. தாமதமாக வருபவர் செலவு முழுவதையும் சுமந்துவிட்டுப் பலனில் ஒரு பகுதியை மட்டுமே பெறுகிறார். மன உறுதியாலோ ஆர்வத்தாலோ இந்த அமைப்பை மாற்ற முடியாது.

வயது வரம்பிலிருந்து தொடங்கலாம். எஃப்.ஏ.ஏ. எனப்படும் கூட்டாட்சி விமானப் போக்குவரத்து அமைப்பின் முதல் தலைவர் எல்வுட் கெசாடா, 60 வயதை எட்டியவர்கள் பயணிகள் விமானங்களை ஓட்டக் கூடாது என்று 1959இல் விதித்தார். 1960 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த அந்த விதி 47 ஆண்டுகள் நீடித்தது. 2007 டிசம்பரில் வந்த சட்டம் வரம்பை 65 ஆக்கியது. அதை 67 ஆக்கும் முன்மொழிவு 2023இல் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறினாலும் 2024இல் வந்த எஃப்.ஏ.ஏ. சட்டத்தில் இடம்பெறவில்லை. பன்னாட்டுப் பறப்புக்கும் 65 வயதே வரம்பு. ஆக, தொடக்கம் எவ்வளவு தள்ளிப்போனாலும் முடிவு தள்ளிப்போவதில்லை. வரம்பு உயர்ந்தால் எல்லோருக்கும் நன்மை என்ற எண்ணமும் சரியல்ல. 2007இல் வரம்பு உயர்ந்தபோது, ஓய்வுபெறவிருந்த மூத்த கேப்டன்கள் மேலும் ஐந்தாண்டுகள் இருக்கையில் தொடர்ந்தார்கள். அவர்களுக்குக் கீழே இருந்தவர்களுக்கு அந்த ஐந்தாண்டுகளும் பதவி உயர்வற்ற காத்திருப்பாயின.

அடுத்தது பயிற்சி. தனிநபர் விமானி உரிமத்துக்குச் சட்டம் கேட்பது குறைந்தது 40 மணி நேரப் பறப்பு. பெரும்பாலோருக்கு அதைவிடக் கூடுதலாகவே தேவைப்படுகிறது. பிறகு மேகத்துக்குள் கருவிகளை மட்டுமே நம்பிப் பறப்பதற்கான தகுதி, வழக்கமாக 250 மணி நேரம் கேட்கும் வணிக விமானி உரிமம், இரட்டை எஞ்சின் தகுதி, பயிற்றுநர் சான்று என்று படிகள் நீள்கின்றன. முழுநேரப் பள்ளிகளில் இவற்றுக்கு ஒரு லட்சம் டாலருக்கு மேல் ஆகிறது. வேலையை விட்டுவிட்டு வருபவர்களில் பலர் இதைக் கடன் வாங்கியே கட்டுகிறார்கள்.

இவ்வளவும் முடித்தவரைக்கூட விமான நிறுவனங்கள் உடனே எடுத்துக்கொள்வதில்லை. இதற்குப் பின்னால் ஒரு விபத்து இருக்கிறது. 2009 பிப்ரவரி 12 இரவு, நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகருக்கு அருகே கோல்கன் ஏர் 3407 விமானம் ஒரு வீட்டின் மேல் விழுந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும் வீட்டிலிருந்த ஒருவரும் இறந்தார்கள். இறந்தவர்களின் குடும்பத்தினர் விடாமல் போராடியதன் விளைவாக 2010இல் சட்டமும் 2013இல் அதற்கான விதியும் வந்தன. அதுவரை வணிக விமானி உரிமம் பெற்ற ஒருவர் 250 மணி நேர அனுபவத்துடன் துணை விமானியாகச் சேர முடிந்தது. 2013 முதல் துணை விமானிக்கும் விமான நிறுவன விமானி உரிமம் கட்டாயமாயிற்று. அதற்கு 1,500 மணி நேரம் வேண்டும். ராணுவ விமானிகளுக்கு 750, விமானத் துறையில் அங்கீகரிக்கப்பட்ட இளநிலைப் பட்டம் பெற்றவர்களுக்கு 1,000 எனச் சலுகைகள் உண்டு. சட்டப் பட்டத்துக்கோ மேலாண்மைப் பட்டத்துக்கோ ஒரு மணி நேரச் சலுகைகூட இல்லை. எனவே இடைவயதில் வருபவர் 250இலிருந்து 1,500க்குப் போகும் தொலைவைப் பெரும்பாலும் சிறு விமானங்களில் பிறருக்குக் கற்றுக்கொடுத்தே கடக்கிறார். இதற்கு ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் ஆகலாம். அந்தக் காலத்தில் வருமானம் குறைவு. வானிலை மோசமானால் அதுவும் இல்லை.

இத்தனைக்கும் பிறகு நிறுவனத்தில் நுழைபவரின் வாழ்க்கையை நிர்ணயிப்பது பணிமூப்புப் பட்டியல். சேர்ந்த நாளை வைத்து ஒவ்வொரு விமானிக்கும் ஓர் எண் தரப்படுகிறது. எந்த நகரிலிருந்து பறப்பது, எந்த ரக விமானம், மாத அட்டவணை, விடுமுறை, கேப்டன் பதவி ஆகிய அனைத்தும் அந்த எண்ணின் வரிசைப்படியே கிடைக்கின்றன. வேறு நிறுவனத்துக்கு மாறினால் பட்டியலின் கடைசிக்குப் போக வேண்டும். இந்த எண்ணின் மதிப்பை ஒரு வழக்கு காட்டுகிறது. 2005இல் யுஎஸ் ஏர்வேஸும் அமெரிக்கா வெஸ்ட்டும் இணைந்தபோது, இரு பட்டியல்களையும் எப்படிச் சேர்ப்பது என்று ஜார்ஜ் நிக்கலாவ் என்ற நடுவர் 2007இல் தீர்ப்பளித்தார். அதை ஏற்க மறுத்த யுஎஸ் ஏர்வேஸ் தரப்பு விமானிகள் பழைய சங்கத்தை வாக்கெடுப்பில் அகற்றிப் புதிய சங்கத்தையே கொண்டுவந்தார்கள். பட்டியலில் யார் முன்னே, யார் பின்னே என்ற தகராறு ஏறத்தாழ பத்தாண்டுகள் நீதிமன்றங்களில் இழுபட்டது. ஒரு விமானிக்குத் தன் எண்ணைவிடப் பெரிய சொத்து இல்லை என்பதால்தான் அவ்வளவு பிடிவாதம்.

முதிர்ச்சிக்கு மதிப்புண்டு என்ற வாதம் இந்தப் பட்டியலின் முன் நிற்பதில்லை. நேர்காணலில் பக்குவமும் குழுவாக வேலை செய்யும் பழக்கமும் நிச்சயம் உதவும். ஆனால் இருபது ஆண்டுகள் அறுவை சிகிச்சை செய்தவரும் 24 வயது இளைஞரும் ஒரே நாளில் சேர்ந்தால் அடுத்தடுத்த எண்களே பெறுவார்கள். சில நிறுவனங்களில் ஒரே வகுப்பில் சேர்ந்தவர்களுள் வயதில் மூத்தவருக்கு முன் எண் தருகிறார்கள். கடந்துபோன வாழ்க்கைக்கு இத்தொழிலின் வரிசைமுறை தரும் சலுகை அவ்வளவுதான். பட்டியலின் கடைசியில் இருப்பவர் பெரும்பாலும் ரிசர்வ் பணியில் இருப்பார். தொலைபேசி அழைத்தால் குறித்த நேரத்துக்குள் விமான நிலையத்தில் நிற்க வேண்டும். பண்டிகை நாட்களிலும் வார இறுதிகளிலும் பணி அவருக்கே விழும். பிள்ளைகள் உயர்நிலைப் பள்ளியில் படிக்க, பெற்றோர் நோயில் விழும் வயதில் இந்த வாழ்க்கை தொடங்குகிறது. இருபத்தைந்து வயதில் எளிதாகப் போகும் ஆண்டுகள் ஐம்பதில் ஒரு குடும்பத்தையே உலுக்குகின்றன.

ஆண்டுகளைக் கூட்டிப் பார்த்தால் நிலைமை இன்னும் தெளிவாகும். 42 வயதில் வேலையை விடுபவர் தடங்கலின்றி எல்லாம் நடந்தால் 45 வயதளவில் 1,500 மணி நேரத்தை எட்டி, சிறிய ஜெட்களை இயக்கும் பிராந்திய நிறுவனமொன்றில் சேர்வார். அங்கே கேப்டனாக வேண்டுமானால் விமான நிறுவனப் பணியில் 1,000 மணி நேரம் முடித்திருக்க வேண்டும். பெரிய நிறுவனத்துக்குப் போகும்போது வயது 49 அல்லது 50 ஆகியிருக்கும். அங்கே மீண்டும் கடைசி எண். எஞ்சியிருப்பது 15 ஆண்டுகள். அதே இருக்கையில் 27 வயதில் அமர்பவருக்கு 38 ஆண்டுகள் இருக்கின்றன. விளம்பரங்களில் வரும் உச்ச ஊதியம், அகன்ற உடல் விமானத்தின் மூத்த கேப்டனுக்கு உரியது. அதாவது ஏணியின் உச்சிக்கு. ஐம்பதில் சேர்பவர் அந்த உச்சியை எட்டுவது அரிது. இழப்புக் கணக்கில் பயிற்சிக் கட்டணத்தை மட்டும் எழுதுவதும் பிழை. பலருக்கு வருமானம் உச்சத்தில் இருக்கும் நாற்பதுகளில் சில ஆண்டுகளின் சம்பளமும், ஓய்வூதியச் சேமிப்பில் அந்தத் தொகை ஈட்டியிருக்கக்கூடிய வட்டியும் சேர்ந்தே போகின்றன.

பற்றாக்குறை என்ற கூறுதான் மிகப் பெரிய தவறு. 2020இல் பெருந்தொற்றால் பயணம் நின்றபோது பெரிய நிறுவனங்கள் ஆயிரக்கணக்கான மூத்த விமானிகளைப் பணம் கொடுத்து முன்கூட்டியே ஓய்வுக்கு அனுப்பின. 2022இல் பயணிகள் திரும்பியதும் ஆள் போதவில்லை. அவ்வாண்டு ஜூனில் அமெரிக்கன் ஏர்லைன்ஸுக்குச் சொந்தமான பிராந்திய நிறுவனங்கள் முதலாண்டுத் துணை விமானியின் ஊதியத்தை மணிக்கு 90 டாலராக உயர்த்தின. செய்தித்தாள்களில் பற்றாக்குறை பேசப்பட்டது, பள்ளிகள் நிரம்பின. 2024இல் காட்சி மாறியது. ஜனவரியில் பறந்துகொண்டிருந்த 737 மேக்ஸ் விமானத்தின் கதவடைப்புப் பலகை பிய்ந்து விழுந்ததைத் தொடர்ந்து போயிங்கின் உற்பத்திக்கு எஃப்.ஏ.ஏ. வரம்பு விதித்தது. பிராட் அண்ட் விட்னி எஞ்சின் கோளாறால் பல ஏர்பஸ் விமானங்கள் தரையில் நின்றன. புதிய விமானங்கள் வராததால் யுனைடெட் சில மாதங்கள் விமானிச் சேர்க்கையை நிறுத்திவைத்தது, சவுத்வெஸ்ட்டும் நிறுத்தியது. ஸ்பிரிட் விமானிகளை வீட்டுக்கு அனுப்பி, நவம்பரில் திவால் பாதுகாப்புக் கோரியது. 2022இன் செய்தியை நம்பி வேலையை விட்டவர் 1,500 மணி நேரத்தை முடித்தது ஏறத்தாழ 2025இல். அவர் கண்ட தேவை வேலையை விட்ட நாளின் தேவை. அவரைச் சந்திப்பது பயிற்சி முடிந்த நாளின் சந்தை. இரண்டுக்கும் இடையே மூன்று ஆண்டுகள் இருக்கின்றன. விமானத் துறையில் மூன்று ஆண்டுகளுக்கு அப்பால் யாராலும் உறுதி தர முடியாது. அடுத்த இருபது ஆண்டுகளில் உலகுக்கு 6,74,000 புதிய விமானிகள் தேவை என்று போயிங் 2024இல் வெளியிட்ட கணிப்பும் இதற்கு விடையாகாது. அது உலகம் முழுவதற்கும் இருபது ஆண்டுகளுக்கும் போட்ட கணக்கு. போட்டது விமானம் விற்கும் நிறுவனம். ஒருவர் தகுதி பெறும் குறிப்பிட்ட ஆண்டில் அவர் நாட்டில் வேலை இருக்குமா என்பதை அது சொல்வதில்லை.

இந்த ஏற்ற இறக்கம் இத்தொழிலின் இயல்பு. 1991இல் ஈஸ்டர்னும் பான் ஆமும் மூடப்பட்டன. அங்கே கேப்டன்களாக இருந்தவர்கள் வேறு நிறுவனங்களில் கடைசி எண்ணிலிருந்து தொடங்க நேர்ந்தது. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின் ஆயிரக்கணக்கானோர் பணியிலிருந்து நிறுத்தப்பட்டார்கள். பலர் திரும்ப அழைக்கப்பட ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். 2005இல் யுனைடெட் தன் விமானிகளின் ஓய்வூதியத் திட்டத்தையே கைவிட்டது. 2008இன் பொருளாதாரச் சரிவு அடுத்த அடி. 2020இல் டிரான்ஸ் ஸ்டேட்ஸ், கம்பஸ், எக்ஸ்பிரஸ்ஜெட் ஆகிய பிராந்திய நிறுவனங்கள் ஒரே ஆண்டில் பறப்பதை நிறுத்தின. சரிவு வரும்போது கடைசி எண்ணிலிருந்தே ஆட்களை நிறுத்துவார்கள். 28 வயதில் நிறுத்தப்படுபவருக்கு மீள முப்பதாண்டுகளுக்கு மேல் இருக்கின்றன. 52 வயதில் நிறுத்தப்படுபவர் திரும்பும்போது ஓய்வு நெருங்கியிருக்கும். பழைய தொழிலின் கதவும் அதற்குள் மூடியிருக்கும்.

உடல்நலமும் இதே திசையில்தான் இழுக்கிறது. விமான நிறுவன கேப்டனுக்கு முதல் நிலை மருத்துவச் சான்று வேண்டும். நாற்பதுக்குக் கீழ் அது ஓராண்டு செல்லும். நாற்பதைக் கடந்தபின் கேப்டன் பொறுப்புக்கு ஆறு மாதமே செல்லும். இதயத்துடிப்பு வரைபடம் நாற்பதுக்குப் பின் ஆண்டுதோறும் கட்டாயம். மாரடைப்பு, சிகிச்சை தேவைப்பட்ட இதயத் தமனி நோய், வலிப்பு போன்றவை சான்றைப் பறிக்கும். சிறப்பு அனுமதி கிடைக்கும் இடத்திலும் மாதக்கணக்கில் காத்திருக்க நேரும். அலுவலகத்தில் சர்க்கரை நோயோடும் இதய நோயோடும் வேலையைத் தொடரலாம். விமானிக்கு அவை தொழிலையே நிறுத்தக் கூடியவை. அவை அதிகம் தோன்றும் வயதில்தான் இடைவயது மாணவர் தொழிலுக்குள் நுழைகிறார். கடனின் முதல் தவணைக்கு முன்பே செய்ய வேண்டியது முதல் நிலை மருத்துவப் பரிசோதனை. வேலையை விட்ட பிறகு அதைச் செய்துகொள்வோர் உண்டு என்பதே இந்த நம்பிக்கையின் கண்மூடித்தனத்துக்குச் சான்று.

இடைவயதில் வந்து நிறைவாக ஓய்வுபெற்றவர்களும் இருக்கிறார்கள். அவர்களில் பலர் ராணுவத்திலோ தீயணைப்புத் துறையிலோ காவல் துறையிலோ ஓய்வூதியம் உறுதியானபின் வந்தவர்கள். அல்லது கடனின்றி, வாழ்க்கைத்துணையின் நிலையான வருமானத்தோடு வந்தவர்கள். பிராந்திய நிறுவனத்தின் இருக்கையோடு தொழில் முடிந்தாலும் அவர்கள் குடும்பம் நிலைகுலைவதில்லை. அவர்களின் கதை கடன் வாங்கி வருபவருக்கு முன்மாதிரி ஆகாது.

பறக்கும் ஆசைக்கு வேறு வழிகளும் உண்டு. 65 வயது வரம்பு கால அட்டவணைப்படி இயங்கும் விமான நிறுவனங்களுக்குரியது. பயிற்றுநர் பணிக்கும் நிறுவனங்களின் சொந்த விமானங்களுக்கும் அது பொருந்தாது. வாடகை விமானச் சேவையிலும் பொதுவாக அந்த வரம்பு இல்லை. வாடகைச் சேவையில் துணை விமானியாகச் சேர 1,500 மணி நேரமும் கட்டாயமில்லை. இருக்கும் வேலையை வைத்துக்கொண்டே வார இறுதிகளில் படிப்படியாக உரிமம் பெற்று, பகுதிநேரப் பயிற்றுநராகிப் பல்லாண்டுகள் பறப்பவர்கள் நாடெங்கும் இருக்கிறார்கள். விமான நிறுவனத்தின் இருக்கைதான் வேண்டும் என்பவர் மூன்று கேள்விகளுக்கு விடை வைத்திருக்க வேண்டும்: இன்றைய உடல்நிலையில் முதல் நிலைச் சான்று கிடைக்குமா? ஐந்து ஆண்டுகள் குறைந்த வருமானத்தைக் குடும்பம் தாங்குமா? நடுவில் ஈராண்டுகள் பணி நிறுத்தப்பட்டால் வீடு நிற்குமா? மூன்றுக்கும் ஆம் என்றால் நாற்பதில் தொடங்குவது பிழையல்ல. ஒன்றுக்கேனும் இல்லை என்றால், வயது தடையில்லை என்று அவரிடம் சொல்வது அவருடைய சேமிப்பையும் பிள்ளைகளின் படிப்பையும் பணயம் வைக்கச் சொல்வதாகும். அந்தப் பொறுப்பைப் பயிற்சிப் பள்ளி ஏற்காது, விமான நிறுவனமும் ஏற்காது. குடும்பம் மட்டுமே சுமக்கும்.