ஆலைப் பள்ளிக்கூடத்தின் வரலாற்றை யார் எழுதுவது?

எங்கள் தளவானூர் குன்றில் மகேந்திரவர்மன் ஒரு குகைக் கோயிலைக் குடைந்து, அதற்கு சத்ருமல்லேசுவராலயம் என்று தன் பட்டப்பெயரையே வைத்தான். சுமார் 1400 வருடம் ஆகியும் அந்தப் பெயர் கல்வெட்டில் இருக்கிறது. தொல்லியல் துறையும் அதைப் பாதுகாக்கிறது. சந்தோஷம்தான். ஆனால் நூறு வருடத்துக்கு முந்தைய ஒரு பள்ளிக்கூடத்தைப் பற்றி நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

சென்னை பெரம்பூரில் பின்னி கம்பெனியின் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகள் இருந்தன. ஊரார் வாயில் அது 'பி அண்ட் சி மில்'. அங்கே வேலை பார்த்த சிறுவர்களுக்காக நிர்வாகமே பள்ளிக்கூடம் நடத்தியது. பாதி நாள் மில், பாதி நாள் வகுப்பு. இந்தப் பிள்ளைகளுக்கு 'அரை நேரத் தொழிலாளர்கள்' என்று பெயர்.

இதற்குக் காரணம் சட்டம். 1881ஆம் வருடச் சட்டப்படி 7 வயதுப் பிள்ளையையே வேலைக்கு வைக்கலாம். 1891இல் அது 9 வயதானது. 1911இல் துணி ஆலைகளில் சிறுவர்களுக்கு ஒரு நாளைக்கு 6 மணி நேரம்தான் வேலை என்றார்கள். 1922இல் வயது வரம்பு 12 ஆனது. 14 வயதுக்குக் கீழே யாரையும் வைக்கக் கூடாது என்ற நிலை வர 1948 ஆகிவிட்டது.

"முதலாளியின் தர்மம்" என்று ஒரு சாரார் சொல்வார்கள். "சிறுவர் உழைப்பை மூடி மறைக்கப் போட்ட திரை" என்று இன்னொரு சாரார். என்னைக் கேட்டால் இரண்டுமே பாதிதான். எழுதப் படிக்கத் தெரிந்த, மணியடித்தால் வந்து நிற்கிற தொழிலாளி மில்லுக்குத் தேவை. அதனால் பள்ளிக்கூடம் அதற்கு லாபம்தான். ஆனால் எழுத்து ஒருமுறை கைக்கு வந்துவிட்டால் அது முதலாளி சொன்னபடி கேட்காது. மில்லின் நோட்டீசைப் படிக்கிற பையன் சங்கத்தின் துண்டறிக்கையையும் படிப்பான்! இதே ஆலைத் தொழிலாளர்களை வைத்துத்தான் 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. 1921இல் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் நடந்தது, துப்பாக்கிச் சூடும் நடந்தது. வாடியா, திரு.வி.க. பெயர்கள் நமக்குத் தெரியும். அரை நாள் படித்த பிள்ளைகளில் ஒரு பெயராவது தெரியுமா?

எல்லா ஆலை ஊரிலும் கதை ஒன்றல்ல. பீளமேட்டில் 1924இல் பி.எஸ்.ஜி. குடும்பம் தொடங்கிய சர்வஜன பள்ளி, பெயரிலேயே எல்லோருக்கும் கதவைத் திறந்தது. பெரம்பூரிலோ 1996இல் மில்லே மூடப்பட்டது. அந்த நிலத்தில் இன்று அடுக்குமாடி வீடுகள்.

கம்பெனி வரலாற்றில் கம்பெனிதான் இருக்கும். சங்க வரலாற்றில் தலைவர்கள் இருப்பார்கள். பிள்ளைகள் இருப்பது ஒரே இடத்தில்தான், பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டில். பெயர், வயது, அப்பா பார்த்த வேலை, பள்ளியை விட்டு நின்ற தேதி எல்லாம் ஒரே வரியில் இருக்கும். அதுவும் ஒரு கல்வெட்டுதான் நண்பர்களே, கல்லில் இல்லை, அவ்வளவுதான். ஆகவே உங்கள் ஊரில் ஒரு பழைய ஆலைப் பள்ளி இருந்தால், அதன் பதிவேடுகள் எடைக்குப் போவதற்கு முன் தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்டுப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வையுங்கள். அந்தப் பிள்ளைகளுக்குக் கோயில் குடைய எந்த ராஜாவும் வரமாட்டான்.