கோடி சம்பளக்காரர் ஏன் நிலைப்பதில்லை?

உப்பிலியபுரம் பக்கத்தில் வயல் வைத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். நாற்றைப் பிடுங்கி நடலாம். காய்த்துக் குலுங்குகிற தென்னையைப் பிடுங்கி நடுவது வேறு காரியம்.

ஸ்ரீரங்கத்தில், காவிரி வண்டலில் வளர்ந்த தென்னை ஒன்று ஆண்டுக்கு நூறு காய் காய்க்கிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். அதைப் பார்த்து ஒருவர் ஆசைப்படுகிறார். வேரோடு பெயர்த்து, லாரியில் ஏற்றி, துறையூர் வழியாகக் கொண்டு வந்து, பச்சைமலை அடிவாரத்தில் நடுகிறார். என்ன ஆகும்? மட்டை சாயும். குரும்பை உதிரும். நட்டவர் மரத்தைத் திட்டுவார். அங்கே காய்த்தது மரம் மட்டும் அல்ல, மண்ணும் தண்ணீரும் சேர்ந்துதான் என்பது அவருக்கு அப்போது தோன்றாது.

பெரிய கம்ப்யூட்டர் கம்பெனிகளில் இதுதான் நடக்கிறது.

வேறொரு கம்பெனியில் பெயர் எடுத்த ஒருவரைத் தேடிப் பிடிக்கிறார்கள். கோடிக்கணக்கில் சம்பளம் பேசுகிறார்கள். பத்திரிகைகளில் படம் வருகிறது. சில ஆண்டுகளில் அவர் போய்விடுகிறார்.

அது பணக்காரர்கள் விவகாரம், உப்பிலியபுரத்துக்கு என்ன வந்தது என்று கேட்கலாம். வந்திருக்கிறது. நகையை அடகு வைத்துப் பிள்ளையை என்ஜினீயரிங் படிக்க வைத்த வீடுகள் இந்தப் பக்கத்தில் எத்தனையோ! அந்தப் பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போகிறார்கள். மேலே ஒருவர் தவறான இடத்தில் உட்கார்ந்தால், கீழே ஆள் எடுப்பது நிற்கிறது. சம்பள உயர்வு தள்ளிப் போகிறது. துறையூர் நகைக்கடையில் வட்டி ஏறுகிறது.

மூன்று ஆண்டு

இன்போசிஸ் கதை பலருக்குத் தெரிந்தது. 1981-ல் ஏழு பேர் சேர்ந்து தொடங்கிய கம்பெனி அது. நாராயண மூர்த்தி அவர்களில் ஒருவர். தொடங்கியவர்களே முறை வைத்து அதை நடத்தி வந்தார்கள். 2014 ஆகஸ்டில்தான் முதன்முதலாக வெளியார் ஒருவர் தலைமை நிர்வாகி ஆனார். அவர் விஷால் சிக்கா.

சிக்கா சாதாரணமானவர் அல்ல. அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர். எஸ்.ஏ.பி. என்ற ஜெர்மன் கம்பெனியில் உயர்ந்த பதவியில் இருந்தவர். 2020-க்குள் ஆண்டு வருமானத்தை 2,000 கோடி டாலர் ஆக்குவேன் என்றார். கம்பெனிக்குப் புது உற்சாகம் வந்தது உண்மை.

2017 ஆகஸ்டு 18-ந் தேதி அவர் ராஜினாமா செய்தார். அன்று ஒரே நாளில் கம்பெனியின் பங்கு விலை சுமார் 10 சதவீதம் சரிந்தது. அவர் சொன்ன 2020 வந்தபோது கம்பெனியின் வருமானம் 1,300 கோடி டாலரைக்கூடத் தொடவில்லை.

என்ன தகராறு? இஸ்ரேல் நாட்டுப் பனாயா என்ற கம்பெனியை 20 கோடி டாலர் கொடுத்து வாங்கியது பற்றிக் கேள்வி எழுந்தது. மேல் அதிகாரிகளின் சம்பளம், விலகிப் போன அதிகாரிக்குக் கொடுத்த தொகை பற்றியும் கேள்வி எழுந்தது. பனாயா விவகாரத்தில் தவறு நடக்கவில்லை என்று விசாரணையில் தெரிந்ததாகக் கம்பெனி பின்னர் அறிவித்தது. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஆனால் பத்திரிகைகளில் வந்த சண்டைக்கு அடியில் இன்னொன்று இருந்தது. அதை யாரும் அதிகம் பேசவில்லை.

ரெடிமேடும் தையலும்

எஸ்.ஏ.பி. ரெடிமேட் சட்டைக் கடை மாதிரி. ஒரு முறை சரக்கைச் செய்து, அதையே ஆயிரம் பேருக்கு விற்கிறது. இன்போசிஸ் தையல் கடை மாதிரி. வருகிறவரின் அளவு எடுத்து, அவருக்கென்று தைத்துக் கொடுத்து, வேலைக்குக் கூலி வாங்குகிறது. இரண்டிலும் துணிதான். இரண்டும் ஒரே தொழில் அல்ல. ரெடிமேட் கடையில் பேர் எடுத்தவருக்குப் புதுச் சரக்கின் மேல் கண் இருக்கும். தையல் கடைக்கோ இன்று எத்தனை மெஷின் ஓடுகிறது, எத்தனை பேர் லீவு என்பதுதான் உயிர்நாடி.

அடுத்து வந்தவர் சலில் பரேக். அவரும் வெளியார்தான். 2018 ஜனவரியில் பொறுப்பேற்றார். 2022-ல் அவர் பதவியை மேலும் ஐந்து ஆண்டுக்கு நீட்டித்தார்கள். அவர் வந்த கேப்ஜெமினி கம்பெனி முக்கியமாகத் தையல் கடை ரகம்! அதோடு, அவர் வருவதற்கு முன்பே நந்தன் நிலேகனி தலைவராகத் திரும்பி வந்து வீட்டுச் சண்டையைத் தணித்து வைத்திருந்தார்.

ஆகவே, வெளியார் என்றாலே தோல்வி என்று சொல்வது தவறு. எந்தத் தொழிலிலிருந்து எந்தத் தொழிலுக்கு வருகிறார் என்பதைப் பார்க்க வேண்டும்.

காக்னிசன்ட் 1994-ல் சென்னையில் தொடங்கியது. 2019 ஏப்ரலில் பிரையன் ஹம்ப்ரீஸ் அதன் தலைவரானார். அவர் டெலிபோன் கம்பெனியான வோடபோனிலிருந்து வந்தவர். 2021 கடைசியில் ஆண்டுக் கணக்கில் நூற்றுக்கு முப்பது பேர் அளவில் வேலையை விட்டுப் போனார்கள். அந்தச் சமயத்தில் எல்லாக் கம்பெனியிலும் ஆள் ஓட்டம் இருந்தது என்றாலும், இங்கே கூடுதல். 2023 ஜனவரியில் அவரை மாற்றிவிட்டு, இன்போசிசில் இருபது ஆண்டு இருந்த ரவிக்குமாரைக் கொண்டு வந்தார்கள்.

இந்தக் கணக்கு உலகம் முழுவதும் ஒன்றுதான். அமெரிக்காவில் யாஹூ கம்பெனி 2012-ல் கூகுளிலிருந்து ஹென்றிக் டி காஸ்ட்ரோ என்பவரை எடுத்தது. விளம்பர வருமானத்தைப் பெருக்க வந்தவர் அவர். பெருகவில்லை. சுமார் 15 மாதத்தில் அனுப்பிவிட்டார்கள். போகும்போது அவருக்குக் கிடைத்தது சுமார் 5 கோடியே 80 லட்சம் டாலர். அன்றைய மதிப்பில் 350 கோடி ரூபாய்க்கு மேல்! வேலை பார்த்ததற்கு அல்ல, போனதற்கு.

கூகுளில் விளம்பரம் விற்பதும் யாஹூவில் விற்பதும் ஒன்றா? கூகுளுக்கு வாடிக்கைக்காரர் தானாக வருகிறார். கூட்டம் அலைமோதும் பெரிய கடைவீதியில் வியாபாரம் செய்தவரை, ஆள் குறைந்துவரும் சந்தைக்குக் கொண்டு வந்தால் அவரால் எதை விற்க முடியும்?

ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் போரிஸ் கிராய்ஸ்பெர்க் இதை ஆராய்ந்திருக்கிறார். பங்கு மார்க்கெட் நிபுணர்களில் கெட்டிக்காரர்கள் என்று பேர் எடுத்த ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை அவர் கணக்கெடுத்தார். கம்பெனி மாறியவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் மறு ஆண்டே சறுக்கினார்கள். தங்கள் கூட்டாளிகளையும் சேர்த்து அழைத்துப் போனவர்கள் அவ்வளவு சறுக்கவில்லை. மரத்தோடு தாய் மண்ணையும் கொஞ்சம் எடுத்துப் போன மாதிரி.

சாவியும் அஞ்சறைப் பெட்டியும்

குற்றம் வந்தவர் மேல் மட்டுமா? அழைத்தவர்கள் மேல்தான் அதிகம் என்று சொல்ல வேண்டும்.

மாமியார் சாவிக் கொத்தை மருமகளிடம் கொடுக்கிறாள். "இனி எல்லாம் உன் பொறுப்பு" என்கிறாள். அஞ்சறைப் பெட்டியை மட்டும் தன் பக்கத்திலேயே வைத்துக் கொள்கிறாள். மருமகள் வைக்கும் குழம்பு எப்படி இருக்கும்? கம்பெனியைத் தொடங்கியவர்களுக்கு அது பெற்ற பிள்ளை. பிள்ளைப் பாசம் தவறல்ல. ஆனால் புது நிர்வாகிக்கு எது வரை அதிகாரம், எதில் பழையவர்களைக் கேட்க வேண்டும் என்பதை முதல் நாளே பேசித் தீர்க்காமல் விட்டால், மூன்றாம் ஆண்டில் பத்திரிகையில் பேசித் தீர்க்க வேண்டி வரும்.

சம்பள விஷயத்தில் மூர்த்தி சொன்னது நியாயம். 2017-ல் இன்னொரு மேல் அதிகாரிக்குப் பெரிய உயர்வு கொடுத்தபோது, சாதாரண ஊழியர்களுக்கு 6 முதல் 8 சதவீதமே கொடுத்துவிட்டு, மேலே உள்ளவருக்கு 60, 70 சதவீதம் கொடுப்பது முறையல்ல என்றார். அப்படிச் செய்தால் கீழே உள்ளவன் வேலை பார்ப்பான். ஆனால் நம்ப மாட்டான்.

சொந்த நாற்றங்கால்

டி.சி.எஸ். கம்பெனி வேறு வழியில் போனது. அங்கே தலைமைக்கு ஆளை உள்ளேயே வளர்த்தார்கள். என். சந்திரசேகரன் கொல்லிமலைக்கு அந்தப் பக்கம், நாமக்கல் மாவட்டம் மோகனூரில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். திருச்சி மண்டலப் பொறியியல் கல்லூரியில் 1986-ல் படிப்பை முடித்து, 1987-ல் டி.சி.எஸ்.ஸில் சேர்ந்தார். தலைமை நிர்வாகி ஆனது 2009-ல். இருபத்திரண்டு ஆண்டு! அவருக்குப் பின் 2017-ல் வந்த ராஜேஷ் கோபிநாதனும் அதே திருச்சிக் கல்லூரி மாணவர்தான்.

இதிலும் ஒரு குறை உண்டு. உள்ளேயே வளர்ந்தவருக்கு, வீட்டின் ஒட்டடை கண்ணில் படாது. சில சமயம் வெளியார்தான் வேண்டும். வி. கிருஷ்ணமூர்த்தி பழைய தஞ்சை மாவட்டத்துக்காரர். பெல் நிறுவனத்தின் தலைவராக இருந்தவர். கார் கம்பெனி நடத்திய அனுபவம் கிடையாது. 1981-ல் மாருதியை அவரிடம் கொடுத்தார்கள். 1983 டிசம்பரில் முதல் கார் வெளியே வந்தது. அவர் தனியாகப் போகவில்லை. பெல்லில் உடன் இருந்த ஆர்.சி. பார்கவாவும் மாருதிக்கு வந்தார்.

விப்ரோ 2020-ல் பிரான்சு நாட்டுக்காரர் தியரி டெலாபோர்ட்டை வெளியிலிருந்து கொண்டு வந்தது. ஐந்து ஆண்டு முடியுமுன்பே, 2024 ஏப்ரலில் அவர் விலகினார். அடுத்தவரைத் தேடி அந்தக் கம்பெனி வெளியே போகவில்லை. ஸ்ரீநிவாஸ் பல்லியாவை நியமித்தது. அவர் விப்ரோவில் சேர்ந்தது 1992-ல்.