வென்றவர் வாயிலில் நின்றார்

குதிரைக்கு நிறவெறி இல்லை! முதுகில் அமர்ந்திருப்பவன் கறுப்பனா, வெள்ளையனா என்று அது கேட்பதில்லை. கேட்டவர்கள் மனிதர்கள். அதிலும், "திறமை ஒன்றே எமது தராசு" என்று முழங்கிய மனிதர்கள்!

1875. அமெரிக்காவின் லூயிவில் நகரில் முதலாவது கென்டக்கி டெர்பி. களத்திலே குதிரைகள் 15. ஏறிவந்த ஜாக்கிகளில் 13 பேர் கறுப்பர். வென்றவர் ஆலிவர் லூயிஸ், கறுப்பர். வென்ற குதிரையைப் பழக்கிய ஆன்சல் வில்லியம்சன், அடிமையாகப் பிறந்தவர். வியப்பென்ன இதில்? இலாயத்தைக் கூட்டியதும், தீனி வைத்ததும், முரட்டுக் குட்டியைப் பணிய வைத்ததும் அடிமையின் கை. பந்தயம் கட்டியது மட்டுமே எசமானின் கை! முதல் 28 டெர்பிகளில் 15 வெற்றிகள் கறுப்பு ஜாக்கிகளுடையவை. ஐசக் மர்பி மட்டும் மூன்று முறை வென்றார்: 1884, 1890, 1891.

பிறகு ஏன் மறைந்தார்கள்? கறுப்பர் குதிரை ஏறலாகாது என்று சட்டம் இயற்றினார்களா? இல்லை, சட்டமே தேவைப்படவில்லை! ஜாக்கிக்குச் சொந்தக் குதிரை கிடையாது. உரிமையாளர் அழைத்தால் சவாரி, அழைக்காவிட்டால் பட்டினி. பரிசுப் பணம் பெருகியதும் வெள்ளை ஜாக்கிகள் கறுப்பு ஜாக்கியை ஓடுபாதையின் வேலியோடு நெருக்கினர், சவுக்கால் அடித்தனர். குதிரைக்குக் காயம் வருமே என்று அஞ்சிய உரிமையாளர், அடித்தவனை விலக்கவில்லை, அடிபட்டவனை விலக்கினார்! இதற்குப் பெயர் போட்டியாம்! தகுதியின் தீர்ப்பாம்!

ஜிம்மி விங்க்பீல்டின் கதை கேளீர். 1901லும் 1902லும் அடுத்தடுத்து டெர்பியை வென்றவர். அவருக்கும் தாய்நாட்டில் சவாரி அருகிற்று. 1904ல் ருசியா சென்றார். சார் மன்னனின் கொடுங்கோல் நாடு அவருக்குக் குதிரை தந்தது. சுதந்திர தேவியின் சிலை நிற்கும் நாடு தரவில்லை! 1919ல், உள்நாட்டுப் போரின் நடுவே, இருநூறுக்கும் மேற்பட்ட குதிரைகளைத் துணைவர்களுடன் ஒடெசாவிலிருந்து வார்சா வரை ஓட்டிச் சென்றார். பின்னர் பிரான்சில் பந்தயக் குதிரைகளைப் பழக்கினார்.

1961ல் லூயிவில்லில் ஒரு விருந்து. அழைப்பின்பேரில் வந்த முதியவரை ஓட்டல் வாயிலிலேயே தடுத்தார்கள், முன்வாசல் உமக்கன்று என்று! எந்த ஊர்? அவர் இருமுறை வாகை சூடிய அதே ஊர். நெடுநேரம் நின்ற பிறகே உள்ளே விட்டார்கள். 1974ல் அவர் மறைந்தார். பந்தயத் துறையின் புகழ்மண்டபத்தில் அவர் பெயர் ஏறியது 2004ல். செத்தவருக்கு வாயிற்காவலன் தடை சொல்வதில்லை போலும்!

1921க்குப் பிறகு மீண்டும் ஒரு கறுப்பு ஜாக்கி டெர்பியில் குதிரை ஏறியது 2000ல்தான். "அவர்கள் நகரங்களுக்குக் குடிபெயர்ந்தார்கள், குதிரையில் ஆர்வம் குன்றிவிட்டது" என்று சமாதானம் சொல்வோர் உளர். குடிபெயர்வும் நடந்தது, மறுக்கவில்லை நாம். ஆனால் விங்க்பீல்டும் குடிபெயர்ந்தவர்தானே? கடல் கடந்து, மொழி தெரியாத நாட்டிற்கு அவர் போனது எதற்காக? குதிரை ஏறுவதற்காக!