மண்ணை வனைந்தவர் பெயர் என்ன?

(இளங்கலை வரலாறு, மூன்றாம் ஆண்டு)

கல்லைக் கடவுளாக்கியவரைச் சிற்பி என்று போற்றுகின்றோம். செம்பைக் கடவுளாக்கியவரை ஸ்தபதி என்று வணங்குகின்றோம். மண்ணைக் கடவுளாக்கியவரை என்ன பெயர் சொல்லி அழைக்கின்றோம்? இக்கேள்வி என் உள்ளத்தில் எழுந்த இடம் ஒரு கண்காட்சி அரங்கம்.

சென்ற ஆண்டு எங்கள் பகுதியில், மரபுக் கலையை அடியொற்றிய சிற்பங்களும் மட்கலைப் பொருள்களும் சேர்ந்த கூட்டுக் கண்காட்சி ஒன்று நடைபெற்றது. செப்புத் திருமேனிகளும் கற்சிற்பங்களும் ஒருபுறம். சுடுமண் உருவங்களும் பளபளக்கும் பீங்கான் கலங்களும் மறுபுறம். இரு கலைகளையும் ஒரே கூரையின்கீழ்க் கொண்டுவந்த முயற்சி பாராட்டுக்குரியது. அதை முதலில் சொல்லிவிடுவதே நேர்மை.

என் தாய்வழித் தாத்தா வேளார் குலத்தவர். ஐயனார் கோயில் புரவியெடுப்புக்குக் குதிரை செய்து தருபவர். அவரையும் அழைத்துச் சென்றிருந்தேன். சுடுமண் பகுதிக்கு வந்ததும் ஒரு குதிரையின் முன் நின்றுவிட்டார். கழுத்து மணிகளை அடுக்கிய முறையைப் பார்த்ததும் எனக்கும் தெரிந்தது. அது அவர் செய்த குதிரை. இடைத்தரகர் ஒருவர் வாங்கிச் சென்றது கைமாறி அங்கு வந்திருக்கிறது. "கீழே என்னப்பா எழுதியிருக்கு?" என்றார். படித்தேன்: "சுடுமண் புரவி. நாட்டுப்புறக் கலை. கலைஞர் பெயர் அறியப்படவில்லை." தாத்தா கோபப்படவில்லை. "கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே" என்றார். அவ்வளவுதான்.

எதிர்ப்புறம் இருந்த ஒவ்வொரு செப்புச் சிலையின்கீழும் செய்தவர் பெயரும் ஊரும் விலையும் இருந்தன. பொறுப்பாளர் ஒருவரிடம் சென்று கேட்டேன். "மரபுக் கலைக்குப் பெயர் போடும் வழக்கம் இல்லை, தம்பி" என்றார். இவ்விடையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில், மண் குதிரை சிற்பம் ஆகாதா? கண்மாய்க் களிமண்ணோடு மணலும் உமியும் சேர்த்து மிதித்துப் பதப்படுத்துகிறார்கள். முதலில் நான்கு கால்கள் எழுகின்றன. அவை ஈரம் வற்றி, சுமை தாங்கும் வலிமை பெற்ற பின்பே வயிறு. வயிறு இறுகிய பின்பே கழுத்தும் தலையும். உள்ளே முழுவதும் வெற்றிடம். சுவரின் கனம் கூடினால் சூளையில் வெடிக்கும். குறைந்தால் தன் பாரத்தாலேயே அமிழ்ந்துவிடும். புதுக்கோட்டைப் பக்கத்து ஐயனார் கோயில்களில் வரிசைவரிசையாக நிற்கும் புரவிகளைக் கண்டவர்கள், இதற்கு எத்தகைய கணக்கும் கைத்திறனும் வேண்டும் என்பதை உணர்வார்கள். இதைச் சிற்பம் என்னாமல் வேறு என்னென்பது?

இரண்டாவதாக, செம்பும் மண்ணும் அயலார் அல்லர். சுவாமிமலையில் திருமேனி வார்க்கும் முறையை எண்ணிப் பாருங்கள். தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவம் சமைக்கிறார்கள். அதன்மேல் காவிரியின் நுண்ணிய வண்டல் மண்ணைப் பூசுகிறார்கள். காய்ந்த பின் சூடேற்றினால் மெழுகு உருகி வெளியேறும். அந்த வெற்றிடத்தில்தான் உலோகக் குழம்பு பாய்கிறது. ஆறிய பின் மண் அச்சை உடைத்து எறிந்துவிட்டுச் சிலையை எடுக்கிறார்கள். மண்ணின் கருவில் பிறக்காத செப்புத் திருமேனி எதுவும் இல்லை. பெற்ற தாய் உடைபடுகிறாள். பிள்ளைக்குத் தங்கமுலாம் பூசிப் பீடம் தருகிறோம்!

மூன்றாவதாக, பெயர் போடுவது நம் மரபு அன்று என்பது உண்மைதானா? தஞ்சைப் பெரிய கோயிலை எழுப்பிய பெருந்தச்சன் குஞ்சரமல்லன் பெயரை அக்கோயில் கல்வெட்டே சொல்கிறது. தளிச்சேரிப் பெண்டிர் நானூற்றுவரின் பெயர்களும் அங்கே பொறிக்கப்பட்டுள்ளன. ஆகவே, பெயரைப் பேணுவதும் தமிழ் மரபே. யாருடைய பெயரைப் பேணினோம், யாருடையதை விட்டோம் என்பதே கேள்வி.

கீழடியில் கிடைத்த பானை ஓடுகளில் ஆதன் போன்ற பெயர்கள் தமிழி எழுத்தில் கீறப்பட்டுள்ளன. 2023-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட கீழடி அருங்காட்சியகத்தில் அத்தகைய ஓடுகளைக் காணலாம். சுட்ட பின்னர்க் கீறிய இப்பெயர்கள் பெரும்பாலும் பானையை வைத்திருந்தவருடையவை என்றே கருத வேண்டியிருக்கிறது. வனைந்தவர் பெயர் அங்கும் நமக்குக் கிட்டவில்லை. புறநானூற்றில் கரிகாலனையும் அவனிடம் புண்பட்டு வடக்கிருந்த சேரனையும் ஒரே பாட்டில் பாடிய புலவர் வெண்ணிக் குயத்தியார். வெண்ணி அவர் ஊர். குயத்தி என்பது தொழிலைக் குறிக்கும் சொல். தாய் தந்தையர் இட்ட பெயர் எது? நாம் அறியோம். பாடல் ஈராயிரம் ஆண்டு வாழ்ந்தது, பெயர் வாழவில்லை.

அன்று ஊருக்கு ஒரு வேளார் இருந்தார். கோயிலிலிருந்து பிடிமண் கொடுத்து அவரை வேலை தொடங்கச் சொல்லுவார்கள். அவர் யாரென்று ஊரே அறியும். பெயர்ச் சீட்டு தேவைப்படவில்லை. இன்று பொருள் ஊரைவிட்டு அரங்குக்கு வருகிறது. அரங்கில் பெயர் உள்ளதற்குத்தான் மதிப்பு. மதிப்பு உள்ளதற்குத்தான் விலை. எனவே பெயரை விடுவது கூலியையும் விடுவதாகும். இது புகழாசை அன்று, நண்பர்களே, வயிற்றுப்பாடு.

நேர் செய்ய முடியாத குறை அன்று இது. 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் சென்னையில் தொடங்கிய பள்ளி இன்று அரசு கவின்கலைக் கல்லூரியாக வளர்ந்து நிற்கிறது. அங்கே சிற்பமும் சுடுமண் கலையும் ஒரே வளாகத்தில் பயிற்றுவிக்கப்படுகின்றன. அங்கே பயின்ற சிற்பி பி.வி. ஜானகிராம், கோயில் கவசங்கள் செய்யும் தகட்டு வேலையைக் கற்றுத் தம் சிற்பங்களுக்கு வழிகண்டார். கைவினை வேறு, கலை வேறு என்று அவர் கருதியிருந்தால் அச்சிற்பங்கள் பிறந்திரா. வில்லியனூர்ச் சுடுமண் கலைஞர் முனுசாமிக்கு 2020-ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. ஆக, அரசு பெயர் கேட்டிருக்கிறது; கண்காட்சி நடத்துவோர் கேட்கக் கூடாதா?

கோயிலுக்கு நேர்ந்த குதிரை மழையில் கரைந்து மண்ணோடு மண்ணாவதே அதன் முடிவு. அதை அரங்கில் நிறுத்துவதே தவறு என்பாரும் உளர். அவர்கள் கூற்றிலும் உண்மை உண்டு. ஆனால் அரங்கில் நிறுத்துவதென முடிவு செய்துவிட்டோமானால், அரங்கின் அறம் எல்லாருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும்.

என் வேண்டுகோள்கள் மூன்று. ஒன்று, கூட்டுக் கண்காட்சியில் ஒவ்வொரு பொருளின்கீழும் செய்தவர் பெயரும் ஊரும் இருத்தல் வேண்டும். தெரியாவிட்டால் விசாரித்து எழுத வேண்டும். இரண்டு, விற்ற தொகையில் செய்தவர் பங்கு எவ்வளவு என்பது வெளிப்படையாகத் தெரிய வேண்டும். மூன்று, கலை வளர வேண்டுமானால் மண் கிடைக்க வேண்டும். ஏரி, கண்மாய் வண்டலை உழவர்களும் மண்பாண்டத் தொழிலாளர்களும் வட்டாட்சியர் அனுமதியோடு கட்டணமின்றி எடுத்துக்கொள்ள 2024-இல் தமிழக அரசு வழிசெய்தது. எழுதப் படிக்கத் தெரியாத முதியவர்களுக்கு அந்த விண்ணப்பத்தை எழுதிக் கொடுக்கும் பணியை நம் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் ஏற்கலாம்.

வரலாறு பயிலும் நாம், அறியப்படாத பெயர்களைத் தேடிக் கல்வெட்டுகளைப் படியெடுக்கிறோம். நம் கண்முன் உயிரோடு நிற்பவரின் பெயரைக் கேட்க மறந்தால், வருங்கால மாணவர் எந்த ஓட்டைத் தோண்டி அதைக் கண்டெடுப்பார்? தாத்தா சொன்னதுதான் என் காதில் இன்னும் ஒலிக்கிறது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். இனியேனும் கேட்போம்.